தலையைக் காக்கும் தெர்மாகோல்!
சைக்கிளில் இருந்து விழுந்தால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

1935-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி. இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலை. மோட்டார் சைக்கிளில் ஒருவர் வேகமாக வந்துகொண்டு இருந்தார். அந்தச் சாலை ஓர் இடத்தில் பள்ளமாக இறங்கி, பிறகு மேடாக ஏறும். பள்ளத்துக்குள் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டு இருந்தார்கள். அது அவருக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் வந்த பிறகுதான் பார்த்தார். சட்டென்று வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி.

அவர் தலையில் கவசம் எதுவும் இல்லை.

விழுந்தவர் சாதாரண ஆள் அல்ல. "அரேபியா லாரன்ஸ்" என்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற டி.இ.லாரன்ஸ். 6 நாள் நினைவு இல்லாமல் கிடந்தார். 19-ந் தேதி இறந்து போனார். அப்போது வயது 46.

அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ். மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். லாரன்சைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து செத்தவர்கள், பிழைத்தவர்கள் எல்லோருடைய விவரங்களையும் சேகரிக்கத் தொடங்கினார்.

1941-ல் அவர் தம் கட்டுரையை வெளியிட்டார். தலைக்கவசம் போட்டுக்கொண்டு விபத்தில் சிக்கியவர்கள் 7 பேர்தான் அவர் கண்ணில் பட்டார்கள். அந்த 7 பேரும் பிழைத்துவிட்டார்கள்! அதே ஆண்டு நவம்பரில், மோட்டார் சைக்கிளில் தூது போகும் சிப்பாய்கள் கட்டாயம் கவசம் அணியவேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டது.

இங்கிலாந்து எங்கே, நம்முடைய பெருநகர் எங்கே என்று கேட்கலாம். காலை 8 மணிக்குக் காஞ்சிபுரம் - வந்தவாசி சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். பக்கத்திலேயே பஸ், லாரி, மோட்டார் சைக்கிள். தைப்பூசம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் செய்யாற்று மணலில் கூடும்போது, ரோட்டில் கால் வைக்க இடம் இராது. அன்றைக்கும் சைக்கிள்கள் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டுதான் இருக்கும்.

அத்தனை தலைகளில் ஒன்றிலாவது கவசம் உண்டா? தேடித்தான் பார்க்கவேண்டும்.

நுங்குக்குள் இருப்பது போல...

மூளை மிகவும் மெதுவான பொருள். சுமார் 1,400 கிராம் எடை. தொட்டால் நடுங்கும். இளம் நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்தப் பதம். அதைச் சுற்றிக் கொஞ்சம் நீர். அதற்கு வெளியே கெட்டியான மண்டை ஓடு.

தலை எதிலாவது மோதினால், மண்டை ஓடு உடனே நின்றுவிடும். உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்காது. அது மேலும் கொஞ்சம் நகரும். நசுங்கும், இழுபடும், முறுக்கிக்கொள்ளும். மண்டை உடைந்திருக்காது. ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்காது. ஆனாலும் மூளைக்குள் இருக்கும் நரம்பு இழைகள் கலங்கிப் போயிருக்கும். இதைத்தான் டாக்டர்கள் "கன்கஷன்" என்கிறார்கள். தமிழில் மூளை அதிர்ச்சி என்று சொல்லலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கை முறிந்தால் வீங்கும். எக்ஸ்ரே படத்தில் தெரியும். மூளை அதிர்ச்சி பெரும்பாலும் ஸ்கேன் படத்தில்கூடத் தெரியாது. பிள்ளை விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஒன்றும் இல்லை அம்மா" என்று சொல்லிவிடும். தாயும் முழங்கால் சிராய்ப்பில் மருந்து போட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்கு அனுப்பிவிடுவாள்.

பிறகுதான் தொல்லை ஆரம்பம். தலைவலி என்பான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்பான். படித்தது மனதில் நிற்காது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். "பையனுக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்று வாத்தியார் திட்டுவார். "பரீட்சைப் பயத்தில் நடிக்கிறான்" என்று தகப்பனார் ஓங்கி ஒரு அறை வைப்பார். மூளை கலங்கிக் கிடக்கும் பிள்ளையின் தலையில் இன்னோர் அடி! இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

முட்டை சொல்லும் ரகசியம்

கேர்ன்ஸ் டாக்டருடன் ஆக்ஸ்போர்டில் வேலை செய்தவர் ஹோல்போர்ன். அவர் டாக்டர் அல்ல, பவுதிக விஞ்ஞானி. மூளையின் வடிவத்தில் ஜெலட்டின் கட்டியைச் செய்தார். கடற்பாசியில் செய்யும் இனிப்பைப் போல அது ஆடும். அதை அசைத்து அசைத்துப் பார்த்தார்.

நேராக இடித்தால் கட்டிக்குச் சேதம் அதிகம் இல்லை. ஆனால், திடீர் என்று சுழற்றினால் கட்டி உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டது! 1943-ல் இதை அவர் வெளியிட்டார். மூளையைக் கெடுப்பதில் பெரிய பங்கு சுழற்சிக்குத்தான் என்றார்.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பச்சை முட்டையை எடுத்துத் தட்டில் வைத்துச் சுழற்றுங்கள். சுற்றும்போது ஒரு விரலால் லேசாகத் தொட்டு நிறுத்துங்கள். உடனே விரலை எடுத்துவிடுங்கள். நின்ற முட்டை மறுபடியும் தானாகவே சுற்ற ஆரம்பிக்கும்! காரணம் என்ன? நின்றது ஓடு மட்டும்தான். உள்ளே இருக்கும் கரு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவித்த முட்டையில் இந்த வேடிக்கை நடக்காது. நம் தலை பச்சை முட்டை மாதிரி.

சைக்கிளில் இருந்து விழுகிறவர் ஆணி அடித்தது போல நேராக விழுவது இல்லை. வண்டி ஓடிக்கொண்டு இருக்கும்போதே சரிகிறார். தலை சாய்வாகத் தரையில் உரசுகிறது. உரசிய இடம் பிடித்துக்கொள்கிறது. தலை "கிறுக்"கென்று திரும்புகிறது. முட்டைக்குள் நடந்தது மூளைக்குள் நடக்கிறது.

ஹோல்போர்ன் சொன்னதை ஹெல்மெட் செய்கிறவர்கள் காதில் வாங்க 50 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை அவர்கள் மண்டை உடையாமல் காப்பதையே பெரிதாக நினைத்தார்கள்.

சும்மாட்டுத் தத்துவம்

மண்டை உடையாமல் காப்பதும் சின்ன விஷயம் அல்ல. அதை முதலில் பார்ப்போம்.

நம் தாய்மார்கள் குடத்தைத் தலையில் வைக்கும் முன்பு சும்மாடு வைப்பார்கள். எதற்கு? குடத்தின் பாரம் ஓர் இடத்தில் குத்தாமல் பரவும். நடக்கும்போது வரும் இடியும் தணியும். ஹெல்மெட்டும் பாதி சும்மாடுதான். ஆனால், சும்மாடு நசுங்கினால் மறுபடியும் சுற்றிக்கொள்ளலாம். ஹெல்மெட் ஒரு தடவை நசுங்கினால் அதோடு அதன் வேலை முடிந்தது.

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது என்ன தெரியுமா? டி.வி. பெட்டி வாங்கும்போது கூட வருமே, அதே தெர்மாகோல் வகை. ஆனால், இன்னும் நெருக்கமாக, கெட்டியாகச் செய்தது. இதைப் பார்த்து, "இந்தத் தெர்மாகோலா உயிரைக் காக்கும்?" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

தலை ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து தரையில் விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோ மீட்டர். தார் ரோட்டில் மோதி 5 மில்லி மீட்டருக்குள் நின்றால், தன் எடையைப் போல 300 மடங்கு விசை தலையில் இறங்கும். தலையின் எடை சுமார் நாலரைக் கிலோ. அதாவது, 1,350 கிலோ எடையை ஒரு கணம் தலைமேல் வைத்ததுபோல! அதே தலை 20 மில்லி மீட்டர் தெர்மாகோலை நசுக்கிக்கொண்டு மெதுவாக நின்றால்? 75 மடங்குதான். சுமார் 340 கிலோ. ஒரு கட்டை விரல் அகலம் கூடச் செய்கிற வேலை இது. (உண்மை விபத்தில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக இராது. வித்தியாசத்தைக் காட்டுவதற்காகச் சொன்னோம்.)

பழைய காலத்துச் சைக்கிள் பந்தயக்காரர்கள் தோல் பட்டைகளைத் தலையில் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அது காதைச் சிராய்க்காமல் காத்தது, அவ்வளவுதான். நசுங்கும் நுரை வைத்த கவசத்துக்கு அமெரிக்காவில் லம்பார்டு என்ற விஞ்ஞானி 1953-ல் காப்புரிமை பெற்றார். 1975-ல் "பெல்" கம்பெனி கெட்டி ஓடும் நுரையும் வைத்துச் சைக்கிளுக்கு என்றே ஹெல்மெட் விற்றது. 1980-களில் எடை குறையட்டும் என்று வெறும் நுரையைத் துணி போர்த்தி விற்றார்கள். அது ரோட்டைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருகியது. பிறகுதான் வழுவழுப்பான மெல்லிய பிளாஸ்டிக் தோல் வந்தது. இன்று கடையில் பார்க்கும் ஹெல்மெட் இந்த வகைதான்.

பந்தய வீரர்களுக்கே கவசம் பிடிக்காது. வெயில், வேர்வை என்று கழற்றி எறிவார்கள். 2003 மார்ச் மாதம் பாரிஸ் - நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் கிவிலேவ் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். கவசம் அணியவில்லை. அந்த ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் கவசத்தைக் கட்டாயம் ஆக்கியது.

தலை வழுகவேண்டும்!

இனி, மூளை அதிர்ச்சிக்கு வருவோம்.

ஐரோப்பாவில் ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து நேராகப் போடுகிறார்கள். உள்ளே இருக்கும் பொம்மைத் தலைக்கு 250 மடங்குக்கு மேல் விசை ஏறக்கூடாது. ஏறினால் அந்த ஹெல்மெட் தோல்வி. நல்ல சட்டம்தான். ஆனால், 250 மடங்கு என்பது மண்டை ஓட்டுக்குப் போட்ட எல்லை. மூளை அதிர்ச்சி அதில் பாதிகூட இல்லாத அடியிலும் வந்துவிடும்.

இங்கேதான் ஹெல்மெட் செய்கிறவர்களுக்குத் தலைவலி. நுரை ரொம்பக் கெட்டியாக இருந்தால், சிறிய அடியில் நசுங்கவே நசுங்காது. அடி அப்படியே தலைக்குப் போய்விடும். நுரை ரொம்ப மெதுவாக இருந்தால், பெரிய அடியில் முழுவதும் நசுங்கித் தீர்ந்துவிடும். மீதி அடி மண்டைக்கு. ஆகவே, சிலர் இரண்டு விதமான நுரையைச் சேர்த்து வைக்கிறார்கள். சிலர் தேன்கூடு போன்ற அமைப்பை வைக்கிறார்கள்.

சுழற்சிக்கு வழி கண்டவர்கள் சுவீடன் நாட்டுக்காரர்கள். வான் ஹோல்ஸ்ட் என்பவர் மூளை அறுவைச் சிகிச்சை டாக்டர். ஹெல்மெட் போட்டிருந்தும் மூளை கலங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர். 1990-களின் நடுவில் ஹால்டின் என்ற என்ஜினீயருடன் சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார். ஹெல்மெட்டுக்குள் இன்னொரு மெல்லிய கூட்டை வைத்தார்கள். அடிபடும்போது வெளி ஹெல்மெட் 10 முதல் 15 மில்லி மீட்டர் வரை வழுகித் திரும்பும். தலை அவ்வளவாகத் திரும்பாது. வாழைப்பழத் தோலில் கால் வைத்தால் தோல் நகரும், பழம் நகராது அல்லவா, அந்த மாதிரி. இதற்கு "மிப்ஸ்" என்று பெயர். 2007-ல் முதலில் குதிரை ஓட்டுகிறவர்களின் கவசத்தில் வந்தது. பிறகு சைக்கிளுக்கும் வந்தது.

அதே சுவீடனில் இரண்டு மாணவிகள் இன்னும் விசித்திரமாக யோசித்தார்கள். கழுத்தில் ஒரு பட்டை. அதற்குள் மடித்து வைத்த காற்றுப் பை. விழும்போது "டப்" என்று விரிந்து தலையை மூடிக்கொள்ளும்! 2016-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் சோதித்தார்கள். சாதாரண ஹெல்மெட்டைவிடப் பல மடங்கு மெத்தென்று தாங்கியது. காரணம் நம் பழைய கணக்குத்தான். நிற்பதற்கு இடம் அதிகம். ஆனால், காற்றுப் பை சரியான நேரத்தில் விரியாவிட்டால் கதை கந்தல். 2023-ல் சுவீடன் அரசாங்கம் அதன் விற்பனைக்குத் தடை போட்டது. கம்பெனி திவால் ஆனது.

2018-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் சர்வகலாசாலை ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பெண் போடத் தொடங்கியது. வெறும் தரையில் போடுவது இல்லை. உப்புத்தாள் ஒட்டிய சாய்வான இரும்பில் போடுகிறார்கள். தலை எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறார்கள். விலை அதிகமான ஹெல்மெட்தான் முதல் பரிசு வாங்கும் என்று இல்லை. விலை குறைந்த சிலவும் 5 நட்சத்திரம் வாங்கியுள்ளன.

முழுப் பாதுகாப்பு என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது. ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 64 ஆயிரம் பேருக்கு மேல் அடிபட்ட விவரங்கள் அடங்கிய 40 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காயம் பாதியாகக் குறைந்திருந்தது. கடுமையான தலைக்காயம் 69 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய அடியில்தான் லாபம் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

ஹாலந்து நாட்டில் எல்லோரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஹெல்மெட் போடுகிறவர்கள் குறைவு, அங்கே என்ன கெட்டுப்போயிற்று என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு. லாரி பக்கத்தில் உரசாது. அந்தப் பாதை பெருநகருக்கு வரட்டும். அப்போது அந்த வாதத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

நம் ஊரில் எப்படி?

நம் மாநிலத்தில் சைக்கிள் வெறும் வாகனம் அல்ல, படிப்புக்கு வழி. 2001-2002-ம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குச் சைக்கிள் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. 2005-2006-ல் அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. எத்தனையோ பெண் பிள்ளைகள் 10-ம் வகுப்போடு நிற்காமல் படித்ததற்கு அந்தச் சைக்கிளும் ஒரு காரணம். சைக்கிளுடன் ஒரு தலைக்கவசமும் கொடுத்தால் என்ன? இது நமது யோசனை.

சைக்கிள் ஓட்டுகிறவர் கவசம் அணியவேண்டும் என்று இந்தியாவில் சட்டம் இல்லை. ஆனால், ஒரு வேடிக்கை. மோட்டார் சைக்கிளில் போகும் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பாதுகாப்புப் பட்டையும் கவசமும் வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் விதி செய்தது. 2023 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. அந்தக் குழந்தைக்குச் சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாம் என்று அதில் எழுதி இருக்கிறது. இப்படி, மோட்டார் சைக்கிளின் பின் சீட்டு வழியாகச் சைக்கிள் ஹெல்மெட் நம் சட்டத்துக்குள் வந்துவிட்டது!

"அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சும்மாதானே கிடக்கிறது, அதையே பையன் போட்டுக்கொள்ளட்டும்" என்று நினைக்காதீர்கள். அது ஒரு கிலோவுக்கு மேல்கூட இருக்கும். சிறு கழுத்துக்குப் பாரம். காது சரியாகக் கேட்காது. பெடல் மிதிக்கும்போது வெந்துவிடும். சைக்கிள் ஹெல்மெட் சுமார் 300 கிராம்தான். காற்றுப்போக ஓட்டைகள் உண்டு.

நம் வீடுகளில் ஒரு பழக்கம். வளருகிற பிள்ளை என்று சட்டையை ஒரு அளவு பெரிதாகத் தைப்போம். செருப்பையும் பெரிதாக வாங்குவோம். ஹெல்மெட்டில் அந்தச் சிக்கனம் கூடாது. தொளதொளக்கும் ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்னாலேயே பறந்துவிடும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, நேராக உட்காரவேண்டும். நெற்றியைக் காட்டிக்கொண்டு பின்னால் தள்ளிப் போடக்கூடாது. பட்டைகள் காதுக்குக் கீழே ஒன்று சேரவேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் போகலாம். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் தொந்தரவு இல்லை. உச்சிக் கொண்டையும் பெரிய கிளிப்பும்தான் கூடாது. ஹெல்மெட் அதன் மேல் ஏறி நிற்கும்.

விழுந்துவிட்டால்...

கவசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலையில் அடிபட்ட பிள்ளையை ஓரிரு நாள் கண்ணில் வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சில் குழறல், காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர், எழுப்பினால் எழாத தூக்கம் - இதில் ஒன்று இருந்தாலும் காபித்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

ஒரு காலத்தில் இந்த வசதி இல்லை. இந்தியாவில் மூளை அறுவைச் சிகிச்சைக்கு முதல் பிரிவே 1949-ல்தான், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். அவர் சீர்காழிக்காரர். நம் பக்கத்து ஜனங்களுக்கு இந்த இரண்டு ஊரும் எட்டும் தூரம்.

ஆபத்துக் குறி எதுவும் இல்லாமல் வெறும் அதிர்ச்சி என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஓரிரு நாள் ஓய்வு. செல்போன், டி.வி. குறைவாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பு. முழுவதும் தேறும்வரை கபடி, கிரிக்கெட், சைக்கிள் வேண்டாம். முதல் அதிர்ச்சி ஆறும் முன்பு இரண்டாவது அடி விழுந்தால், சின்ன அடிகூடப் பெரிய ஆபத்தாக முடியும். வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஹெல்மெட்டை என்ன செய்வது? வெளியில் கீறல் மட்டும் தெரியும். உள்ளே தெர்மாகோல் நசுங்கி இருக்கும். மறுபடியும் அது நசுங்காது. "இன்னும் புதிது போல இருக்கிறதே" என்று தம்பிக்குப் போட்டுவிடாதீர்கள். யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி பட்டையைக் கத்தரியால் அறுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.